போதும் இந்தப் பழைய ஜீப் புராணம்

“இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா மாப்ள. கம்ப்யூட்டர் வெச்ச பொம்மை. காட்டுக்குள்ள போனா திரும்பி வராது. அந்தக் காலத்து வண்டிதான் வண்டி.”

ஓசூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பெரியவர்கள் நாலு பேர் வழங்கிய தீர்ப்பு இது. கேட்டுக்கொண்டவன் என் அக்கா மகன். சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசில் புது ஜிம்னி வண்டிக்கு முன்பணம் கட்டியிருந்தான். அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம் அவனுக்கு அப்பா வழி நிலம் இருக்கிறது. ராகியும் தக்காளியும் போடுகிறார்கள். தார் ரோடு முடிந்த பிறகு நிலத்துக்குப் போகும் வழி பாறை, செம்மண், ஓடை என்றுதான் கிடக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அவனுக்கு ஆசைக்கு இல்லை, தேவைக்கு. பாயசம் வருவதற்குள் பையன் மனசு மாறிவிட்டான். முன்பணத்தைத் திரும்ப வாங்கி, ஒரு புரோக்கரைப் பிடித்து, தன்னைவிட வயதில் மூத்த ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. கோபம் அவன்மேல் இல்லை. தீர்ப்புச் சொன்ன நால்வரில் ஒருவர்கூட வாழ்நாளில் ஃபோர் லோ போட்டு ஒரு பாறை ஏறியவர் இல்லை. ஆனாலும் இந்த ஊரில் பழைய வண்டியைப் பற்றிப் பேச யாருக்கும் தகுதி தேவைப்படுவதில்லை. பாகலூர் ரோட்டு டீக்கடையிலும் இதே பேச்சு. பட்டறையிலும் இதே பேச்சு. சனிக்கிழமை விடிந்ததும் அத்திப்பள்ளி தாண்டி வரிசையாக வந்து இறங்கும் பெங்களூர்க் கூட்டத்திடமும் இதே பேச்சு. பழசு என்றால் இரும்பு, புதுசு என்றால் பிளாஸ்டிக். பழசு ஏறும், புதுசு நிற்கும். எவன் பார்த்தான், எங்கே பார்த்தான் என்று கேட்க ஆளில்லை.

இவர்கள் கும்பிடுகிற ஜிப்சி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். சுசுகி நிறுவனம் 1970-ல் ஜப்பானில் 359 சி.சி. இன்ஜினோடு ஜிம்னி என்ற குட்டி வண்டியைக் கொண்டுவந்தது. அதன் இரண்டாம் தலைமுறை 1981-ல் பிறந்தது. அந்த இரண்டாம் தலைமுறையை நீட்டி, 970 சி.சி. இன்ஜினைப் பொருத்தி, மாருதி 1985 டிசம்பரில் இங்கே இறக்கியதுதான் ஜிப்சி. அதே குடும்பத்தின் நாலாம் தலைமுறை 2018-ல் ஜப்பானில் வந்தது. அதற்கு ஐந்து கதவு வைத்து 2023 ஜூனில் இங்கே விற்கத் தொடங்கினார்கள். ஆக, தாத்தாவுக்குக் கற்பூரம் காட்டுகிறவர்கள் பேரனைத் தகர டப்பா என்கிறார்கள்.

பேரனிடம் என்ன குறைந்துவிட்டது? இரண்டுக்கும் அடியில் ஏணி போன்ற முழு சேஸ் இருக்கிறது. இரண்டிலும் முன்னும் பின்னும் ஒரே கட்டையான ஆக்ஸில். இரண்டிலும் லோ கியர். இரண்டுக்கும் தரையிலிருந்து உயரம் 210 மில்லிமீட்டர். நீளம்கூட ஏறக்குறைய ஒன்று: ஜிப்சி 4,010 மில்லிமீட்டர், ஜிம்னி 3,985. எடுத்தது எதுவும் இல்லை. சேர்த்ததுதான் இருக்கிறது. ஸ்பிரிங் பட்டை போன இடத்தில் காயில் ஸ்பிரிங் வந்தது. 80 குதிரைத் திறன் இருந்த இடத்தில் 105 வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றுகிற சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் புத்தி வந்தது. எடை ஏறத்தாழ இருநூறு கிலோ கூடியிருக்கிறது என்று ஒரு குரல் கிளம்பும். அந்த இருநூறு கிலோவில் ஆறு ஏர்பேக் இருக்கிறது, ஏ.பி.எஸ். இருக்கிறது, பிள்ளைகுட்டியோடு போகிறவன் உயிர் இருக்கிறது.

2025 ஜனவரி கடைசியில் இதே ஐந்து கதவு ஜிம்னியை, ஹரியானாவின் குருகிராமில் செய்து, ஜப்பானுக்கே கொண்டுபோய் விற்பனைக்கு வைத்தார்கள். சில நாட்களுக்குள் ஐம்பதாயிரம் பேர் அளவுக்குப் பதிவு செய்ய, சமாளிக்க முடியாமல் பதிவையே நிறுத்திவைத்தது சுசுகி. ஜிம்னியைப் பெற்றெடுத்த நாடு, நம் ஆட்கள் பூட்டிய நட்டும் போல்ட்டும் வேண்டும் என்று காத்திருக்கிறது. இங்கே ஓசூர்ப் பந்தியில் அது பொம்மை.

இனி ஓர் ஓடைக் குழிக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் எனக்கு அது ஒன்று போதும்.

அக்கா மகனின் நிலத்துக்குப் போகும் பாதையை ஓர் ஓடை வெட்டிக்கொண்டு போகிறது. மழைத் தண்ணீர் அரித்து அரித்து, பாதையின் இடது பக்கம் ஒரு குழி, ஏழெட்டு அடி தள்ளி வலது பக்கம் இன்னொரு குழி. வாங்கி வந்த பழைய வண்டியை அவன் அதில் இறக்கினான். ஃபோர் வீல் போட்டாகிவிட்டது. லோ கியரும் போட்டாயிற்று. முன் இடது சக்கரம் ஒரு குழிக்கு மேல் வந்தது, பின் வலது சக்கரம் மற்றக் குழிக்கு மேல் வந்தது. ஸ்பிரிங் பட்டை விறைப்பானது. சக்கரத்தைக் கீழே இறங்கவிடவில்லை. இரண்டு சக்கரமும் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கின. ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். தொங்கிய இரண்டும் காற்றில் சுற்றி, பக்கத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணை எங்கள் வேட்டியில் அடித்தன. தரையில் நின்ற இரண்டும் நூல் அளவு நகரவில்லை. கிளட்ச் கருகும் நாற்றம் வந்தது.

கூட வந்த பெரியவர் ஒருவர் ஆலோசனை சொன்னார்: “ரிவர்ஸ் எடுத்து வேகமா அடி மாப்ள, தாண்டிரும்.” ஆளுக்கொரு கல் போட்டுப் பின்னால் எடுத்து, வேகமாக அடித்தான். தாண்டவில்லை. அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்து ஜாயின்ட் போயிற்று. டிராக்டர் கட்டி இழுத்தோம்.

மறுபடி நான் அந்தப் பக்கம் போனபோது பக்கத்து நிலத்துக்காரரின் ஜிம்னி அதே குழியில் இறங்கியது. அதுவும் கோணலாகச் சாய்ந்தது. அதற்கும் சக்கரம் தொங்கியது. தொங்கிய சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியிருக்கும். கீழே ‘கர்ர் கர்ர்’ என்று பிரேக் கடிக்கும் சத்தம். சுற்றல் நின்றது. தரையில் இருந்த சக்கரம் மண்ணைக் கவ்வியது. வண்டி நடந்து போகிற வேகத்தில் குழியை விட்டு ஏறிப் போயிற்று. ஓட்டியவர் வேகமும் கொடுக்கவில்லை, இறங்கிக் கல்லும் போடவில்லை.

இதில் மாயமும் மந்திரமும் இல்லை. ஆக்ஸில் நடுவே கிரவுனுக்குள் இருக்கும் டிஃபரென்ஷியல், வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாகச் சுற்றுவதற்காக வைத்தது. அதன் குணம், இரண்டு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் சும்மா சுற்றினால் அதற்குத் தேவையான விசை ஏறக்குறையப் பூஜ்யம். அப்போது தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே பூஜ்யம்தான். ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றாகக் கட்டப்படும், அவ்வளவுதான். ஒவ்வோர் ஆக்ஸிலுக்குள்ளும் அதே பழைய டிஃபரென்ஷியல் அதே பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கும். கோணலாக இரண்டு சக்கரம் தொங்கிவிட்டால் நாலு சக்கர இழுவை என்பது பெயருக்குத்தான். ஜிம்னியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சென்சார். எது வீணாகச் சுற்றுகிறதோ அதை மட்டும் பிரேக் பிடிக்கும். பிடித்த உடனே அந்தப் பக்கம் எதிர்ப்பு உண்டாகிறது. அதே அளவு விசை தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கிறது. 2020 அக்டோபரில் வந்த மகிந்திராவின் புதிய தார் வண்டியிலும் இதே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு உண்டு. அதோடு சில ரகங்களில் பின் ஆக்ஸிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கரும் உண்டு. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன் ஆக்ஸிலுக்கு ஒன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று என இரண்டு லாக்கர். கம்பெனியிலிருந்து வந்தபடி நிற்கும் ஜிப்சியில் இதில் ஒன்றுமே கிடையாது. ஆக, அந்த ஓடைக் குழியில் ஜிப்சி நிற்கும், ஜிம்னி ஏறும். பக்தியால் சக்கரம் தரைக்கு இறங்காது.

உடனே பதில் வரும்: “எங்க ஃபிரெண்டு ஜிப்சி எல்லாத்தையும் ஏறுதே.” ஏறும். பானெட்டைத் திறந்து பாருங்கள், அடியில் படுத்துப் பாருங்கள். வேறு வண்டியின் இன்ஜின், ஏற்றிப் போட்ட ஸ்பிரிங், பின்னால் இறக்குமதி லாக்கர், கூடுதலாக வைத்த பவர் ஸ்டீயரிங், முன் பம்பரில் வின்ச், மண்ணைக் கடிக்கும் பெரிய டயர், அதிலும் காற்றைப் பாதியாகக் குறைத்து வைத்திருப்பார்கள். மூன்று, நாலு லட்சம் செலவு செய்து அந்த வண்டியிலிருந்த பழசை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, ஏறியதற்கான பெயரை மட்டும் பழசுக்குக் கொடுக்கிறார்கள். லாக்கர் எதற்குப் போட்டார்கள்? தொங்கும் சக்கரம் வீணாகச் சுற்றுகிறது என்பது தெரிந்துதானே? புது வண்டி ஷோரூமிலிருந்து கொண்டுவருவதைத்தானே பட்டறையில் காசு கொடுத்துப் பொருத்தினீர்கள்? பிறகு எந்த வாயால் புதுசைப் பொம்மை என்கிறீர்கள்?

விவரம் தெரிந்தவர்கள் சிலர் சிலி நாட்டு மலையைக் கொண்டுவருவார்கள். ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 2007-ல் 6,688 மீட்டர் உயரம் வரை ஒரு சுசுகி சாமுராய் ஏறியது. சாமுராய் நம் ஜிப்சியின் உடன்பிறப்பு. உண்மைதான். அது நிறைய மாற்றங்கள் செய்த வண்டி என்பதும் உண்மைதான். அந்த உயரத்தில் சாதாரண இன்ஜினுக்கு மூச்சே வராது. அவர்களும் பழசை நம்பிப் போகவில்லை, மாற்றத்தை நம்பித்தான் போனார்கள்.

டயர் மோசடி தனி. பழைய ஜீப்பில் மண் டயர், 18 பவுண்டு காற்று. பக்கத்தில் ஷோரூமிலிருந்து நேற்று வந்த வண்டி, ரோட்டு டயர், 32 பவுண்டு காற்று. இரண்டையும் சேற்றில் விட்டுவிட்டு, புதுசு சிக்கியதும் வீடியோ எடுக்கிறார்கள். இன்னும் கேவலம் ஒன்று உண்டு. 2023 ஜனவரி முதல் தார் வண்டி பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ரகத்திலும் வருகிறது. விலை குறைவு என்று அதை வாங்கி ஆற்று மணலில் இறக்கிச் சிக்கிக்கொள்கிறார்கள். அதைக் காட்டி, “பாத்தியா, புது தார்” என்கிறார்கள். இரண்டு சக்கர இழுவையை நாலு சக்கர இழுவையோடு மோதவிட்டுத் தீர்ப்புச் சொல்வது ஒப்பீடு இல்லை. அது பொய்.

அடுத்த பல்லவி எலெக்ட்ரானிக்ஸ். “தண்ணி பட்டா கம்ப்யூட்டர் காலி.” பழைய பெட்ரோல் ஜீப்பில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போனால் என்ன ஆகும் என்று இவர்களுக்கு மறந்துவிட்டதா? ஓடை நடுவில் இன்ஜின் அணைந்து, மூடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு நின்ற அனுபவம் அந்தத் தலைமுறை டிரைவர் எல்லோருக்கும் இருக்கும். கார்பரேட்டர் இன்னொரு கொடுமை. செங்குத்தான ஏற்றத்தில் வண்டி சாய்ந்தால் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். ஏற்றத்தின் உச்சியில், சக்தி தேவைப்படும் அந்த ஒரு நொடியில், இன்ஜின் இருமி அணைந்துவிடும். இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. ஜிப்சியே 2000 வாக்கில் கார்பரேட்டரை உதறிவிட்டு இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. பக்தர்கள் மட்டும் மாறவில்லை.

புதிய தார் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. கூர்க்காவுக்கு 700. உலகமே பழசின் சிகரம் என்று கொண்டாடும் லேண்ட் ரோவர் டிஃபெண்டரை எடுங்கள். 1948-ல் தொடங்கிய வம்சம், 2016 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அந்தப் பழைய டிஃபெண்டரின் தண்ணீர் ஆழம் 500 மில்லிமீட்டர். 2019-ல் வெளிவந்த புதிய டிஃபெண்டருக்கு 900. அதில் ஏணிச் சேஸ்கூட இல்லை, அலுமினிய உடல், உள்ளே முழுக்க எலெக்ட்ரானிக்ஸ். இங்கிலாந்திலும் இதே ஒப்பாரி கேட்டது. தண்ணீர் ஒப்பாரியைக் கேட்பதில்லை.

மகிந்திராவிலேயே பாருங்கள். எம்.எம். 540-ல் இருந்த 2.1 லிட்டர் பியூஜோ டீசல் இன்ஜினுக்கு 62 குதிரைத் திறன். இன்றைய தாரின் 2.2 லிட்டர் டீசலுக்கு 130. 2010-ல் வந்த தாருக்குத் தரை உயரம் 200 மில்லிமீட்டர், இப்போது 226. பள்ளத்திலிருந்து ஏறும்போது பின்பக்கம் தரையில் இடிக்காமல் காப்பாற்றும் கோணம் அதில் 27 டிகிரி, இதில் 36.8. பாறைப் படியில் இறங்கிப் பின் பம்பரைக் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் பத்து டிகிரியின் அருமை தெரியும்.

“ரிப்பேர் ஆனா கம்பியும் கட்டிங் பிளேயரும் போதும், காட்டுக்குள்ளயே சரி பண்ணிரலாம்.” இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். காட்டுக்குள் ரிப்பேர் ஆவதே பெருமையா? கம்பி கட்டத் தெரிந்திருப்பது திறமைதான், மறுக்கவில்லை. அந்தத் திறமை தினமும் தேவைப்படுகிற வண்டி மட்டமான வண்டி. அக்கா மகனின் வண்டிக்குப் போன ஜாயின்ட் ஓசூரில் கிடைக்கவில்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் எதற்கோ செய்ததைக் கடைந்து பொருத்தினார்கள். போக வர ஒரு நாள் கூலி, பொம்மசந்திரா நெரிசலில் அரை உயிர். அதற்குள் தோட்டத்தில் தக்காளி பழுத்து உதிர்ந்தது. கம்பியும் கட்டிங் பிளேயரும் எங்கே போயிற்று?

கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் அதிகம். அதனால் “மிலிட்டரி வண்டி” என்று சொல்லிவிட்டால் இங்கே எதிர்ப் பேச்சு கிடையாது. அந்த மிலிட்டரி என்ன செய்தது? ஜபல்பூரில் செய்த ஜோங்காவை வைத்திருந்தது, பிறகு விட்டது. ஜிப்சியை எடுத்தது. 2017-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. பனிமலையிலும் பாலைவனத்திலும் உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவர்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதுசுக்கு மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஜிப்சி வந்த புதிதில் ஜீப்காரர்கள் அதைப் பார்த்துச் சொன்னதும் இதே தகர டப்பாதான். இன்று அந்தத் தகர டப்பா சாமியாகிவிட்டது. 2045-ல் இதே ஆட்களின் பேரன்கள் ஜிம்னியைக் காட்டி, “அந்தக் காலத்து வண்டி மாதிரி வராது” என்பார்கள். இவர்களுக்கு வண்டி முக்கியமே இல்லை. தங்கள் வாலிபம் முக்கியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் அன்று ஓடிய ஜீப்பெல்லாம் நாலு சக்கர இழுவை இல்லை. ராயக்கோட்டை, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பதினைந்து பேரை ஏற்றித் தொங்கவிட்டு ஓடிய மார்ஷலும் கமாண்டரும் பெரும்பாலும் பின் சக்கரம் மட்டும் இழுத்த வண்டிகள். போகிற வழியெல்லாம் அன்று மண் ரோடு. அந்த ரோட்டில் அம்பாசிடரும் போயிற்று, மாட்டு வண்டியும் போயிற்று. அதைக் காட்டில் ஏறிய சாகசமாக இப்போது கதை கட்டுகிறார்கள்.

கொழுக்குமலைக்குப் போய்வந்தவர்கள் அங்கே ஓடும் பழைய மகிந்திரா ஜீப்புகளைச் சாட்சிக்கு அழைப்பார்கள். சூரியநெல்லியிலிருந்து அந்தக் கற்பாதையில் தினமும் ஏறி இறங்கும் டிரைவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் எங்கே கிடக்கிறது என்று மனப்பாடம். எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைத்தால் எதிர்ச் சக்கரம் தொங்காது என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அது ஓட்டுகிறவரின் வித்தை. அந்த வித்தையைப் பார்த்து மெச்சாமல் வண்டியை மெச்சுவது, உழைக்கிற டிரைவருக்குச் செய்யும் அநியாயம்.

அநியாயம் என்று வந்துவிட்டதால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சு வேறு எந்த ஊரில் கேட்டாலும் பொறுத்துக்கொள்வேன். ஓசூரில் கேட்டால் பொறுக்க முடியவில்லை. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்து இந்த ஊரை ஊராக்கின. அவற்றைச் சுற்றி கியர் வெட்டுகிற, ஷாஃப்ட் கடைகிற, பிரேக் பாகம் வார்க்கிற சின்னச் சின்ன யூனிட்டுகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. இன்று சி.என்.சி. மெஷினில் மைக்ரான் கணக்கில் அளவு பிடித்து, ஒரு பீஸ் கூடக் குறைய இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு, எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறார்கள் நம் பிள்ளைகள். அக்கா மகனும் அவர்களில் ஒருவன். அவர்கள் கையில் உருவாவதுதான் புது வண்டி. அதே ஊரில் மாலை டீக்கடையில், “இப்ப வர்றதுல எதுவும் ஸ்ட்ராங்கு இல்ல” என்று ஒருவர் சொல்ல, மற்ற எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பழைய லேத்தில் கண்ணளவில் கடைந்த ஷாஃப்ட்தான் உறுதி, கேஜ் வைத்துச் சோதித்த ஷாஃப்ட் டப்பா என்றால், இந்த ஊர் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்துகொண்டிருக்கிறது? புதிய தாரை வடிவமைத்ததில் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் மகிந்திரா ரிசர்ச் வேலிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மாநிலத்துப் பொறியாளர்களின் மூளையும் நம் மாவட்டத்துத் தொழிலாளிகளின் கையும் கலந்த காலம் இது. அதைத் தகரம் என்பவர்கள் சொந்தப் பிள்ளைகளின் உழைப்பின்மேல் காறித் துப்புகிறார்கள்.

இந்த நம்பிக்கையை வைத்துப் பிழைப்பவர்கள் புரோக்கர்கள். பழசு உசத்தி என்று ஊரே சொன்னால் பழசின் விலை ஏறத்தானே செய்யும்? இருபது வருஷத்துக்கு முன்னால் எடைக்குப் போட்டிருக்க வேண்டிய வண்டிக்கு இன்று லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். மேலே பச்சை பெயின்ட் அடித்து, “மிலிட்டரி ஏலத்துல எடுத்தது சார்” என்றால் இன்னும் ஒரு லட்சம் கூடும். பெயின்டுக்குக் கீழே சேஸ் துருப்பிடித்து, விரலால் தட்டினால் உதிரும். கர்நாடகப் பதிவு வண்டி என்றால் என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே டி.என். 70 வாங்க வரி கட்ட வேண்டும், எஃப்.சி. காட்ட வேண்டும். சேஸ் நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒத்துவராமல் ஆர்.டி.ஓ. வாசலில் நாட்கணக்கில் நின்றவர்கள் எத்தனை பேர்! பதினைந்து வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. பந்தியில் தீர்ப்புச் சொன்னவர்கள் இதில் ஒரு ரூபாய் கொடுப்பார்களா?

பெங்களூர்க் கூட்டத்தின் கதை இன்னும் மோசம். பழைய ஜீப்பின் பெருமையை நிரூபிக்க அவர்களுக்கு நம் காடு வேண்டியிருக்கிறது. ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் என்று வரைபடம் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கேதான் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காவிரி தெற்கும் சேர்ந்தது. பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாகச் சானமாவு வரை ராகி விளையும் பருவத்தில் யானைக் கூட்டம் வரும். சைலன்சர் மாற்றிய வண்டிகள் அந்த நேரத்தில் காட்டோரம் உறுமினால், மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும்? ராகிக் கொல்லைக்குள்தான் திரும்பும். இரவில் பரணில் உட்கார்ந்து காவல் காப்பவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பான். இவர்கள் ஞாயிறு மாலை சேற்றோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டிவிடுவார்கள்.

பெட்டமுகிலாளம் மலைப் பக்கத்துக் குக்கிராமங்களில் சனங்கள் கேட்பது சாலை. பிரசவ வலி கண்டவளை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு சாலை. அவர்களுக்கு எந்த வண்டி சிறந்தது என்ற விவாதமே ஒரு வசதி. நம்பி ஏறக்கூடிய வண்டி, ஏற்றத்தில் அணையாத வண்டி, இறக்கத்தில் பிரேக் கைவிடாத வண்டி அவர்களுக்கு வேண்டும். எம்.எம். 540 காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஓடையைத் தாண்டியதும் உள்ளே தண்ணீர் நின்று, மிதித்தால் பிடிக்காது. ஏறுவதைப் பற்றியே பேசுகிறவர்கள் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கீழே போய்ச் சேராதவர்களால் பேச முடியாது என்பதாலோ என்னவோ.

பழைய வண்டியை வைத்திருப்பவர்கள் வைத்திருங்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளை ஏற்றிச் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய் வாருங்கள். அது உங்கள் பணம், உங்கள் ஆசை. ஆனால் வயலுக்குப் போக, விளைச்சலைக் கொண்டுவர, சம்பாதித்த காசை எண்ணி எண்ணிக் கொடுத்து வண்டி தேடும் பையனிடம் புராணம் படிக்காதீர்கள். அவன் கேட்க வேண்டிய கேள்விகள் நாலுதான். லோ கியர் உண்டா? தொங்கும் சக்கரத்தைப் பிடிக்கவோ பூட்டவோ ஏற்பாடு உண்டா? பாகமும் மெக்கானிக்கும் ஓசூரிலேயே கிடைக்குமா? மோதினால் உள்ளே இருப்பவன் பிழைப்பானா? இந்த நாலுக்கும் ஆம் என்று பதில் சொல்லும் வண்டி எதுவோ அதை அவன் வாங்கட்டும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அந்த ஓடைக் குழி அங்கேயேதான் இருக்கிறது. பட்டா நிலம், வனத்துறை தடுக்காது. கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கும் பழைய வண்டியைக் கொண்டுவாருங்கள். லாக்கர் கூடாது, வின்ச் கூடாது, மாற்றிய இன்ஜின் கூடாது. அதற்கும் ஜிம்னிக்கும் ஒரே டயர், ஒரே காற்று. முன்னால் கல் போடக் கூடாது, வேகமாக அடிக்கக் கூடாது. ஏறினால் நான் எழுதுவதை நிறுத்துகிறேன். ஏறாவிட்டால் நீங்கள் பேசுவதை நிறுத்துங்கள்.